செம்புக் குழாயை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போடலாமா? குடிநீரில் என்ன கலக்கும்?

ஈசூன் தந்தை

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழமையான நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மறுவிற்பனை வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். குடிபுகும் முன் சமையலறையையும் இரண்டு குளியலறைகளையும் உடைத்துப் புதுப்பிக்கிறோம். சுவருக்குள் ஓடும் பழைய செம்புக் குழாயில் இரண்டு இடங்களில் பச்சை பூத்துக் கசிவு தெரிந்ததால், தண்ணீர்க் குழாய்கள் அனைத்தையும் மாற்றிவிடலாம் என்றார் புதுப்பிப்புக் குத்தகையாளர். செம்புக்குப் பதிலாக பிளாஸ்டிக் போட்டால் செலவும் மிச்சம், நாளும் மிச்சம் என்றும் சொன்னார். என்ன பிளாஸ்டிக் என்று கேட்டேன். "நல்ல பொருள்தான், எல்லா வீட்டிலும் இதைத்தான் போடுகிறோம்" என்பதற்கு மேல் விடை வரவில்லை. அந்த விடைதான் என்னை உறங்கவிடாமல் செய்கிறது.

எங்கள் மகளுக்கு ஏழு மாதம். அவளுடைய புட்டிப்பாலை இந்தக் குழாயில் வரும் தண்ணீரில்தான் கலக்கப்போகிறோம். தஞ்சாவூரில் அம்மா இருக்கும் வீட்டிலும், மொட்டைமாடித் தொட்டியிலிருந்து பதினைந்து ஆண்டுகளுக்கு முன் போட்ட சாம்பல் நிற பிவிசி (பாலிவினைல் குளோரைடு என்ற பிளாஸ்டிக்) குழாய் வழியாகத்தான் தண்ணீர் இறங்குகிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன். இந்தக் குழாய்கள் எவற்றால் ஆனவை? அவற்றிலிருந்து தண்ணீரில் எவை இறங்கும்? எதற்கு அஞ்ச வேண்டும், எதைப் பற்றிக் கவலைப்படாமல் விடலாம்? விவரம் தெரிந்தவர்கள் சற்று நேரம் ஒதுக்கிச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பிடோக் அம்மா

தம்பி, குழந்தை இருக்கும் வீட்டில் பிளாஸ்டிக் குழாய் வேண்டாம் என்பதே என் கருத்து. எங்கள் வீட்டில் இன்றும் இரவில் செம்புக் குடத்தில் தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிக்கிறோம். வினைல் குளோரைடு என்ற வாயு புற்றுநோயை உண்டாக்கும் என்று படித்திருக்கிறேன். அதைக் கொண்டுதானே பிவிசி செய்கிறார்கள்? அப்படியிருக்க, அதன் வழியாக வரும் தண்ணீரை ஏழு மாதக் குழந்தைக்கு எப்படிக் கொடுப்பது? செம்பையே திரும்பப் போடுங்கள். பணம் பிறகு வரும்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

அம்மா எழுப்பிய கேள்வி நியாயமானது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். வினைல் குளோரைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் ஐயமே இல்லை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் நகரில் இருந்த ஒரு பிவிசி ஆலையின் தொழிலாளர்களுக்கு, மிக அரிதான கல்லீரல் இரத்தக்குழாய்ப் புற்றுநோய் அடுத்தடுத்து வந்தது 1974இல் வெளியானபோதுதான் உலகம் விழித்துக்கொண்டது. ஆயினும் அந்தத் தொழிலாளர்கள் மூச்சில் இழுத்தது வினைல் குளோரைடு வாயுவை. அந்த மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியானபின் கிடைக்கும் பிவிசி வேறொரு பொருள். அது மீண்டும் வாயுவாகப் பிரிந்து தண்ணீரில் இறங்குவதில்லை. கேட்கவேண்டியது, சங்கிலியில் சேராமல் பொருளுக்குள் தங்கிவிட்ட மிச்ச வாயு எவ்வளவு என்பதைத்தான். 1970களின் நடுப்பகுதிவரை செய்த குழாய்களில் அந்த மிச்சம் கவலை தரும் அளவில் இருந்தது. அதன்பின் ஆலைகள் பிசினை, அதாவது குழாயாக வார்க்குமுன் உள்ள பிவிசித் தூளை, நீராவியால் கழுவி வாயுவை வெளியேற்றத் தொடங்கின. உணவைத் தொடும் பிவிசியில் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் மிச்சம் இருக்கக்கூடாது என ஐரோப்பாவில் 1978லேயே சட்டமானது. குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 0.3 மைக்ரோகிராம்.

என் கவலை பிசினைப் பற்றியதன்று, அதோடு கலக்கும் துணைப் பொருள்களைப் பற்றியது. பிவிசி எடையில் ஏறத்தாழ 57 விழுக்காடு குளோரின். குழாயாக வார்ப்பதற்காக 180 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றும்போது அது ஹைட்ரஜன் குளோரைடை உதிர்த்துக்கொண்டே சிதையத் தொடங்கும். அந்தச் சிதைவைத் தடுக்க நிலைப்படுத்தி ஒன்று வேண்டும். பல பத்தாண்டுகளாக அதற்குப் பயன்பட்டவை ஈயச் சேர்மங்கள், ஏனெனில் அவை மலிவானவை, நன்றாக வேலை செய்பவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் தொழில்துறை தானாகவே எடுத்துக்கொண்ட உறுதிப்படி 2015 இறுதியோடு ஈயம் நின்றது. அதன் இடத்தைப் பெரும்பாலும் கால்சியம்-துத்தநாகச் சேர்மங்கள் பிடித்தன. அமெரிக்காவில் நெடுங்காலமாகவே கரிம வெள்ளீயச் சேர்மங்கள்தான். இந்தியாவில் பிவிசி குழாய்களில் ஈய நிலைப்படுத்திகளைத் தடுக்கும் விதிகள் 2021இல்தான் வந்தன. தஞ்சாவூர்க் குழாயைப் பற்றிப் பேசும்போது இந்த ஆண்டை மறக்க வேண்டாம்.

இவை தவிர, சுண்ணாம்புத் தூள் சிறிதளவும், வார்ப்பில் வழுக்குவதற்கு மெழுகும், நிறத்துக்கும் வெயில் தாங்கவும் டைட்டானியம் டை ஆக்சைடும் சேரும். பலரும் அஞ்சும் தாலேட்டு நெகிழ்வூட்டிகள் விறைப்பான தண்ணீர்க் குழாயில் சேர்க்கப்படுவதில்லை. அவை சேர்ந்தால் குழாய் விறைப்பாக நிற்காது. அவை இருப்பது வளையும் மென்மையான பிவிசியில். அதில் எடையில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரைகூட நெகிழ்வூட்டியாக இருப்பதுண்டு. தோட்டத்துக்குப் பயன்படுத்தும் குழாயை எடுத்துச் சமையலறைத் தண்ணீருக்கு இணைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதை எந்த வீட்டிலும் செய்யக்கூடாது.

பிவிசியோடு கூடுதல் குளோரினைச் சேர்த்தால் சிபிவிசி. சாதாரண பிவிசி 60 பாகைக்கு மேல் தளர்ந்துவிடும், சிபிவிசியோ 90 பாகை அளவுவரை தாங்கும். ஆகவே வெந்நீருக்கு அது ஏற்றது. தண்ணீர்க் குழாயாக வரும் மற்ற மூன்று பிளாஸ்டிக்குகளும் வேறு குடும்பம். பாலிஎத்திலீன் குழாய், அதன் சங்கிலிகளைக் குறுக்காகப் பிணைத்துச் செய்யும் பெக்ஸ், பச்சை அல்லது வெள்ளை நிறத்தில் வரும் பாலிபுரோப்பிலீன் வகையான பிபிஆர் ஆகிய இவற்றில் குளோரின் இல்லை, ஈயத்துக்கும் தேவையில்லை. காற்றிலும் நீரிலும் உள்ள ஆக்சிஜன் அரிக்காமலிருக்க ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் சேர்ப்பார்கள். கறுப்பு பாலிஎத்திலீன் குழாயில் வெயிலுக்காக 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கரிப்பொடி இருக்கும்.

தம்பி, உங்கள் குத்தகையாளர் பெயர் சொல்லாவிட்டாலும், வெட்டிப்போட்ட துண்டு ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பாலிஎத்திலீனும் பிபிஆரும் மிதக்கும், பிவிசியும் சிபிவிசியும் மூழ்கும். வகுப்பில் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டிய சோதனைகளில் இதுவும் ஒன்று.

உட்லண்ட்ஸ் பிளம்பர்

ஆசிரியர் ஐயா பொருளைச் சொல்லிவிட்டார். நான் வேலையைச் சொல்கிறேன். சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயை மாற்றுவது, பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பர் செய்யவேண்டிய வேலை. குழாய்த் தலையை மட்டும் மாற்றுவது போன்ற சிறு வேலைகளுக்கு உரிமம் தேவையில்லை. உங்கள் வேலை அந்தச் சிறு வேலைகளில் சேராது. ஆகவே குத்தகையாளரிடம் முதலில் கேட்கவேண்டியது, குழாயின் பெயருக்கும் முன்னால், வேலைக்குப் பொறுப்பேற்கும் உரிமம் பெற்றவர் யார் என்பதைத்தான். கழகத்தின் இணையத்தளத்தில் பட்டியல் இருக்கிறது.

அடுத்து எஸ்எஸ் 375 என்ற சிங்கப்பூர்த் தரநிலையைக் கேளுங்கள். குடிநீரைத் தொடும் உலோகமல்லாத பொருள்கள் அனைத்துக்கும் உரியது அது. குழாயை நீரில் ஊறவைத்து, நீரின் மணமும் சுவையும் மாறுகின்றனவா, நிறம் கலங்குகிறதா, நுண்ணுயிர் பெருகுகிறதா, உயிரணுக்களுக்கு நச்சாகும் பொருள் இறங்குகிறதா, உலோகங்கள் இறங்குகின்றனவா என்று பார்ப்பார்கள். குழாய்க்கு மட்டும் சான்றிதழ் காட்டினால் போதாது. மூட்டு, ரப்பர் வளையம், பசை ஆகிய ஒவ்வொன்றும் தண்ணீரைத் தொடுகிறது. பலர் குழாய்க்குத் தாளைக் காட்டிவிட்டு மூட்டைக் கடையில் கிடைத்ததைக் கொண்டு போடுகிறார்கள். கழிவுநீருக்குப் போடும் பிவிசியின் மிச்சத் துண்டைக் குடிநீர் வரிசையில் செருகியதையும் நான் அகற்றியிருக்கிறேன். கழிவுக் குழாய் குடிநீருக்காகச் சோதிக்கப்பட்டதில்லை, அழுத்தத்துக்காகவும் செய்யப்பட்டதில்லை.

பசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புது வீட்டில் வரும் நாற்றத்துக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். சிபிவிசியை ஒட்டும் பசையில் டெட்ராஹைட்ரோஃபியூரான், மெத்தில் எத்தில் கீட்டோன், சைக்ளோஹெக்சனோன் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. அவை பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து இரண்டு துண்டுகளையும் ஒன்றாக்குகின்றன, பிறகு ஆவியாகிப் போகவேண்டும். கை தாராளமாகி அதிகம் பூசினால், உள்ளே ஒரு குட்டையாகத் தேங்கி உலராமல் கிடக்கும். செங்காங்கில் ஒரு வீட்டார், குடிவந்து மூன்று வாரமாகியும் காலையில் திறக்கும் முதல் தண்ணீரில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை வருகிறது என்று அழைத்தார்கள். முன்னே யாரோ ஒட்டிய வளைவு மூட்டை அறுத்துப் பார்த்தேன். உள்ளே விரல் நுனி அளவுக்குப் பசை இன்னும் பிசுபிசுப்பாக இருந்தது. அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தையும் இருந்தது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

பிபிஆரில் பசையே கிடையாது. குழாயையும் மூட்டையும் 260 பாகைச் சூட்டில் சில நொடிகள் இளக்கி ஒன்றுக்குள் ஒன்று அழுத்தினால் ஒரே பொருளாகிவிடும். அளவுக்கு மீறிச் சூடாக்கினாலோ ஆழமாக அழுத்தினாலோ உள்ளே வளையமாகப் பிதுங்கி வழி குறுகும், ஆகவே பழகிய கை வேண்டும். நான் என் வீட்டில் போட்டிருப்பது பிபிஆர்தான்.

பிடோக் அம்மா

ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. வாயுவும் குழாயும் வேறு என்பது எனக்கு இப்போது புரிகிறது. ஆனாலும் இவ்வளவு சான்றிதழும் தாளும் பார்ப்பதற்குப் பதில் செம்போ துருப்பிடிக்காத எஃகோ போட்டுவிட்டால் இந்தக் கவலை எதுவும் இல்லையே?

நீர்ச் சோதனைக்கூடப் பணியாளர்

அம்மா, உலோகக் குழாயிலும் பார்க்கவேண்டியது உண்டு. 2015இல் ஹாங்காங்கின் கை சிங் பொதுக் குடியிருப்பில் குடிநீரில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு மேலும் பல பொதுக் குடியிருப்புகளில் அதே நிலை தெரிந்தது. அங்கே போட்டிருந்தது செம்புக் குழாய். அந்தச் செம்பை இணைத்த பற்றாசில், அதாவது மூட்டில் உருக்கி ஒட்டும் உலோகத்தில், ஈயம் இருந்தது. ஓடுகிற குழாய் நல்லதாக இருந்தும் மூட்டில் வைத்த சிறிய பொருள் அத்தனை குடும்பங்களின் தண்ணீரைக் கெடுத்தது. பித்தளைக் குழாய்த்தலைகளிலும் வார்ப்புக்காக ஈயம் சேர்ப்பதுண்டு. இதை நான் செம்புக்கு எதிராகச் சொல்லவில்லை. நன்றாகப் பற்றவைத்த செம்பும் எஃகும் நல்ல பொருள்களே.

இனி பிளாஸ்டிக்கிலிருந்து உண்மையில் என்ன இறங்குகிறது என்பதற்கு வருகிறேன். இறங்கும் அளவைத் தீர்மானிப்பவை நான்கு: குழாயின் வயது, நீரின் சூடு, நீர் அசையாமல் நிற்கும் நேரம், குழாயின் குறுக்களவு. புதுக் குழாயின் உட்பரப்பில் இருக்கும் சிறு மூலக்கூறுகள் முதல் சில வாரங்களில் வேகமாக இறங்கி, பிறகு குறைந்துகொண்டே போகும். சூடான நீரில் அதிகம் இறங்கும். இரவு முழுவதும் தேங்கிய நீரில், ஓடும் நீரைவிட அதிகம் இருக்கும். மெல்லிய குழாயில் ஒவ்வொரு லிட்டர் நீரும் கூடுதல் சுவரைத் தொடுவதால், பெருங்குழாயைவிட வீட்டுக்குள் ஓடும் கடைசிக் குழாயே கவனத்துக்குரியது.

பாலிஎத்திலீனில் சேர்த்த ஆக்சிஜனேற்றத் தடுப்பான் தன் வேலையைச் செய்து சிதையும்போது, பீனால் வகைத் துண்டுகள் உண்டாகித் தண்ணீரில் மிகச் சிறிய அளவில் இறங்குகின்றன. சில பெக்ஸ் குழாய்களிலிருந்து, பிணைப்பை உண்டாக்கப் பயன்படுத்திய வேதிப்பொருளின் மிச்சமாக எம்டிபிஇ என்ற சேர்மம் வருகிறது. அதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவை 1997இல் கொடுத்த ஆலோசனை அளவு லிட்டருக்கு 20 முதல் 40 மைக்ரோகிராம். அந்த அளவுக்கு வந்தாலே மூக்கும் நாக்கும் காட்டிக்கொடுத்துவிடும் என்பதே அதன் அடிப்படை. ஈயம் அப்படியன்று. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இதனால்தான் நாற்றமடிக்கும் புதுக் குழாயைவிட நாற்றமே இல்லாத, ஈயம் கலந்த பழைய குழாய்க்கு நான் அதிகம் அஞ்சுகிறேன்.

சிங்கப்பூரில் ஒரு தனிச் செய்தியும் உண்டு. நம் குழாய்நீரில் கிருமிக் காப்புக்காக இருப்பது மோனோகுளோரமின். மீன் வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், ஏனெனில் தண்ணீரை ஒரு நாள் திறந்துவைத்தாலும் அது குளோரினைப்போல் எளிதில் போய்விடாது. இத்தகைய ஆக்சிஜனேற்றிகள் நீண்ட காலத்தில் குழாயின் தடுப்பான்களைத் தின்றுவிடக்கூடும். அமெரிக்காவில் 1978 முதல் 1995 வரை வீடுகளில் பெருமளவில் போடப்பட்ட பாலிபியூட்டிலீன் குழாய்கள், கிருமிநீக்கிய நீர் பட்டு உள்ளிருந்தே வெடித்துக் கசிந்து, பெரும் வழக்குகளில் முடிந்தன. நச்சுக்கு முன்பே குழாய் உயிரை விட்டுவிட்டது. ஆகவே எந்தக் குழாயானாலும் கிருமிநீக்கி கலந்த நீருக்காகச் சோதிக்கப்பட்டதா என்று கேட்பது வீண் கேள்வியல்ல.

ஈசூன் தந்தை

இவ்வளவு அக்கறையோடு எழுதிய எல்லாருக்கும் நன்றி. மேலும் மூன்று ஐயங்கள். தண்ணீர் சூடேற்றியிலிருந்து வரும் வெந்நீரில் பால் கலக்கலாமா? தொட்டிக்கும் குழாய்த்தலைக்கும் இடையில் வளையும் இணைப்புக் குழாய் ஒன்று இருக்கிறதே, அது எந்த வகை? தஞ்சாவூரில் என் அம்மா தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறார், அதனால் ஈயம் போய்விடுமா?

நீர்ச் சோதனைக்கூடப் பணியாளர்

வெந்நீர்க் குழாயிலிருந்து பால் கலக்கக்கூடாது. அந்த நீர் தொட்டியில் நெடுநேரம் சூடாகத் தேங்கியிருந்தது, வழியில் உள்ள உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் குளிர்நீரைவிட அதிகம் கரைத்திருக்கும். குளிர்நீர்க் குழாயைத் திறந்து, நீர் நன்றாகக் குளிரும்வரை ஓடவிட்டுப் பிடித்துக் காய்ச்சுங்கள். ஓடவிட்ட நீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கப் பயன்படுத்தலாம்.

காய்ச்சினால் கிருமி சாகும், ஈயம் போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிஞ்சும் நீரில் ஈயத்தின் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

வளையும் இணைப்புக் குழாயின் வெளியே எஃகுப் பின்னல் தெரியும், தண்ணீரைத் தொடுவது உள்ளே இருக்கும் மென்குழாய். அது ரப்பராகவும் இருக்கலாம், பெக்ஸாகவும் இருக்கலாம், நெகிழ்வூட்டி கலந்த பிவிசியாகவும் இருக்கலாம். பத்து வெள்ளி மிச்சப்படுத்த வேண்டிய இடம் அது அன்று. அதற்கும் எஸ்எஸ் 375 கேளுங்கள்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

தஞ்சாவூர் வீட்டைப் பற்றி. பதினைந்து ஆண்டுக் குழாய் என்றால், இந்தியாவில் தடை வருவதற்கு வெகுமுன்னரே போட்டது. ஈயம் கலந்ததாக இருக்க வாய்ப்பு உண்டு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய குழாயின் உட்பரப்பில் இருந்த ஈயத்தில் பெரும்பகுதி முதல் ஆண்டுகளிலேயே இறங்கியிருக்கும் என்பது சற்று ஆறுதல். ஆனால் மொட்டைமாடியில் வெயிலில் காய்ந்து வெளிறி, தொட்டால் மாவாக உதிரும் குழாய் என்றால் அந்த ஆறுதலை நம்ப வேண்டாம்.

ஊகிப்பதைவிட அளப்பது நல்லது. அம்மாவிடம் சொல்லி, காலையில் எந்தக் குழாயையும் திறப்பதற்கு முன் சமையலறைக் குழாயின் முதல் நீரை ஒரு புட்டியிலும், ஐந்து நிமிடம் ஓடவிட்டபின் வரும் நீரை இன்னொரு புட்டியிலும் பிடித்து, ஈயம் சோதிக்கும் ஆய்வகத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். முதல் புட்டியில் கூடுதலாகவும் இரண்டாவதில் குறைவாகவும் இருந்தால், ஈயம் வருவது வீட்டுக்குள் இருக்கும் குழாயிலிருந்தோ குழாய்த்தலையிலிருந்தோதான். அப்போது சமையலறைக் குழாய்த்தலையையும் அதற்கு வரும் வரிசையையும் மட்டுமாவது உடனே மாற்றுங்கள். குழந்தையோடு விடுமுறைக்குப் போவதற்குமுன் இதைச் செய்துவிடுவது நல்லது, ஏனெனில் வளரும் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை.

ஈசூன் தந்தை

இன்று குத்தகையாளரை நேரில் பார்த்தேன். வெட்டிப்போட்ட துண்டைக் கேட்டு வாங்கி வாளியில் போட்டேன். மிதந்தது. குழாயின் மேல் அச்சிட்டிருந்த வரியில் பிபிஆர் என்றும் பிஎன் 20 என்றும் இருந்தது. இத்தனை நாள் யாரும் அதைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. குழாய்க்கான எஸ்எஸ் 375 அறிக்கையை அவர் அனுப்பிவிட்டார். மூட்டுகளுக்கு உரியது வரும்வரை வேலையைத் தொடங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். உரிமம் பெற்ற பிளம்பரின் பெயரை விலைப்புள்ளியிலேயே எழுதித் தரவும் ஒப்புக்கொண்டார். அம்மா நாளைக் காலை இரண்டு புட்டிகளையும் பிடித்து வைப்பதாகச் சொன்னார்.

உட்லண்ட்ஸ் பிளம்பர்

மிக்க மகிழ்ச்சி. பிஎன் 20 என்பது குழாய் தாங்கும் அழுத்தத்தின் தரம், அது வெந்நீர் வரிசைக்கும் போதும். ஓடு பதிப்பதற்கு முன் அழுத்தச் சோதனையை நீங்கள் அருகில் நின்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு சுவரையும், அளவுநாடாவை விரித்துப் பிடித்துக்கொண்டு, குழாய் ஓடும் இடம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பத்து ஆண்டு கழித்து யாராவது அந்தச் சுவரில் துளை போடும்போது அந்தப் படம் தேவைப்படும். குடிபுகுமுன் ஒரு வாரம் நாள்தோறும் எல்லாக் குழாய்களையும் திறந்து சில நிமிடம் ஓடவிடுங்கள். அப்போது குழாய்த்தலைகளின் முனையில் உள்ள சல்லடையைக் கழற்றி வையுங்கள், வெட்டிய பிளாஸ்டிக் சீவல்கள் அதில்தான் வந்து சிக்கும்.